குரூப் எடுக்கும் முன் ஆய்வகத்தை எட்டிப் பாருங்கள்

பத்தாம் வகுப்பு முடிவு வந்த மறுநாளே பள்ளி வாசலில் கூட்டம் சேர்ந்துவிடும். கையில் மதிப்பெண் பிரிண்ட் அவுட், கூடவே அம்மாவோ மாமாவோ. கேட்பது ஒன்றைத்தான்: "ஃபர்ஸ்ட் குரூப் கிடைக்குமா சார்?" அந்தக் குரூப்பில் என்னென்ன பாடம், அதை யார் நடத்துகிறார், ஆய்வகம் வாரத்தில் எத்தனை நாள் திறக்கிறது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. பிள்ளை இரண்டு வருடம் உட்காரப்போவது அந்த வகுப்பில்தான். தமிழ்நாட்டு அரசு மேல்நிலைப் பள்ளிகளில் பாடம் நடத்தியும், ஆய்வகத்தில் நின்றும், வகுப்பாசிரியராக இருந்தும் நாங்கள் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

முதலில் குரூப்பின் பெயர். கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் சேர்ந்ததை ஃபர்ஸ்ட் குரூப் என்பார்கள். உயிரியலுக்குப் பதில் கணினி அறிவியல் வந்தால் கம்ப்யூட்டர் குரூப். கணிதம் இல்லாமல் தாவரவியலும் விலங்கியலும் தனித்தனிப் பாடமாக வந்தால் பியூர் சயின்ஸ். வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல் உள்ளது காமர்ஸ் குரூப். சில ஊர்களில் இதையே தேர்ட் குரூப் என்பார்கள். பிறகு தொழிற்கல்வி. இந்த எண்கள் ஊருக்கு ஊர் மாறும். எனவே விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும்போது குரூப் பெயரைப் பார்க்காதீர்கள், பாடங்களின் பெயரைப் படியுங்கள். கணினிப் பாடத்திலேயே மூன்று புத்தகங்கள் இருக்கின்றன: அறிவியல் குரூப்புக்குக் கணினி அறிவியல், காமர்ஸ் குரூப்புக்குக் கணினிப் பயன்பாடுகள், தொழிற்கல்விக்குக் கணினித் தொழில்நுட்பம். அண்ணன் படித்த புத்தகம் இருக்கிறது என்று வாங்காமல் விட்டு, ஜூலையில்தான் அது வேறு புத்தகம் என்று தெரிந்துகொள்ளும் பிள்ளைகள் வருடா வருடம் உண்டு.

எந்தக் குரூப் எந்தக் கதவைத் திறக்கும் என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். பொறியியல் கலந்தாய்வின் கட் ஆஃப், அதாவது தரவரிசைக்கான மதிப்பெண், 200-க்குக் கணக்கிடப்படுகிறது; கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. பியூர் சயின்ஸ் எடுத்த பிள்ளை பிளஸ் டூவில் மனம் மாறி இன்ஜினியரிங் என்றால் வழியில்லை. மருத்துவப் படிப்புக்கான நுழைவுத் தேர்வான நீட் எழுத உயிரியல் வேண்டும், கணிதம் கட்டாயமில்லை. தொழிற்கல்வியை "மார்க் இல்லாதவன் எடுக்கும் குரூப்" என்று ஒதுக்கும் பழக்கம் எங்களுக்கு வருத்தமாகவே இருக்கிறது. பொறியியல் கலந்தாய்வில் அவர்களுக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது. பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரவும் முடியும். கையால் வேலை செய்யப் பிடித்த பிள்ளை, அடிப்படை மின்பொறியியலிலோ வேளாண் அறிவியலிலோ நன்றாக வருவதைப் பார்த்திருக்கிறோம்.

பள்ளியில் கேட்க வேண்டியவை இவை. அந்தப் பாடத்துக்கு முதுகலை ஆசிரியர் பணியிடம் நிரம்பியிருக்கிறதா, காலியா? காலி என்றால் பெற்றோர் ஆசிரியர் கழகம் வழியாகத் தற்காலிகமாக யாராவது இருக்கிறாரா? எந்த மாதத்திலிருந்து? பிறகு ஆய்வகத்தைக் காட்டச் சொல்லுங்கள். தலைமை ஆசிரியர்கள் பெரும்பாலும் தயங்குவதில்லை. குழாயில் தண்ணீர் வருகிறதா, அடுப்போ ஸ்பிரிட் விளக்கோ எரியும் நிலையில் இருக்கிறதா, வேதிப்பொருள் புட்டிகளில் லேபிள் படிக்கும்படி இருக்கிறதா என்று பார்த்தாலே அந்தத் துறை எப்படி நடக்கிறது என்று புரிந்துவிடும். மேசையில் தூசி படிந்திருந்தால் அங்கே செய்முறை ஜனவரியில்தான் தொடங்குகிறது என்று அர்த்தம்.

இன்னொரு விஷயத்தைப் பெற்றோர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். 6-ஆம் வகுப்பிலிருந்து 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத ஒதுக்கீடு 2020-இல் வந்தது. அடுத்த ஆண்டே பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளுக்கும் விரிந்தது. பத்து வரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டு, பிளஸ் ஒன்னுக்கு மட்டும் தனியார் பள்ளிக்குப் போனால் அந்த உரிமை போய்விடும். அதேபோல் பயிற்று மொழி. அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு. அந்தப் பதவிக்குக் கேட்கும் கல்வித் தகுதி வரை முழுக்கத் தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். பிளஸ் ஒன்னில் ஆங்கிலவழிக்கு மாறுவது தவறில்லை. ஆனால் எதை விட்டுக்கொடுத்து மாறுகிறோம் என்று தெரிந்து மாற வேண்டும்.

மதிப்பெண் எப்படிப் பிரிகிறது என்பதை ஜூன் மாதமே பிள்ளையின் நோட்டில் எழுதி ஒட்டச் சொல்வோம். ஆறு பாடம், ஒவ்வொன்றும் 100, மொத்தம் 600. செய்முறை உள்ள பாடத்தில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. தேர்ச்சிக்கு மொத்தம் 35 வேண்டும், அதில் எழுத்துத் தேர்வில் மட்டும் 15-ஆவது வந்திருக்க வேண்டும். செய்முறை இல்லாத பாடத்தில் எழுத்துக்கு 90, அகமதிப்பீட்டுக்கு 10. எழுத்தில் 25 தேவை. படிக்கத் திணறும் பிள்ளைக்கு இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். ஆய்வகத்துக்கு ஒழுங்காக வந்து, ரெக்கார்டு முடித்து, வருகையும் சரியாக இருந்தால் இயற்பியலில் அவன் தாண்ட வேண்டியது 15 என்ற சின்னக் கோடுதான். அகமதிப்பீட்டின் 10 வருகைக்கு 2, உள்தேர்வுகளுக்கு 4, ஒப்படைவு அல்லது செயல்திட்டத்துக்கு 2, மன்றச் செயல்பாடுகளுக்கு 2 என்று பிரிகிறது. வருகையில் 80 சதவீதத்தைத் தாண்டினால்தான் முழு 2.

வேதியியல் ஆய்வகத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் அதிகம் பயப்படுவதும், ஒழுங்காகப் பழகினால் முழு மதிப்பெண் எடுப்பதும் அங்கேதான்.

ஆக்ஸாலிக் அமிலத்தைப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டால் தரம்பார்க்கும் சோதனையை, அதாவது நிறம் மாறும்வரை ஒரு கரைசலில் இன்னொன்றைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளவு காணும் டைட்ரேஷனை, எடுத்துக்கொள்வோம். பியூரெட்டை (அளவுக்கோடுகளும் அடியில் திறப்பும் உள்ள நீண்ட கண்ணாடிக் குழாய்) முதலில் தண்ணீரிலும், பிறகு அதில் ஊற்றப்போகும் பெர்மாங்கனேட் கரைசலில் கொஞ்சம் எடுத்தும் அலச வேண்டும். குறிப்பிட்ட அளவு கரைசலை உறிஞ்சி எடுக்கும் பிப்பெட்டையும் அப்படியே, ஆக்ஸாலிக் அமிலக் கரைசலால். கூம்புக் குடுவையை மட்டும் வாலைவடிநீரில்தான் அலச வேண்டும். அதையும் அமிலத்தால் அலசினால் சுவரில் ஒட்டியிருக்கும் அமிலமும் சேர்ந்து வினைபுரியும், பியூரெட் அளவு கூடுதலாக வரும். சுத்தமாக இருக்கட்டும் என்று மூன்றையும் ஒரே மாதிரி கரைசலால் அலசிவிட்டு, அளவு ஏன் ஒத்துவரவில்லை என்று விழிக்கும் பிள்ளைகளை ஒவ்வொரு பேட்சிலும் பார்க்கலாம்.

பியூரெட்டை நிரப்பியதும் புனலை எடுத்துவிடுங்கள். அதன் அடியில் தொங்கும் துளி பாதியில் விழும். குழாயைத் திறந்து கொஞ்சம் வேகமாக ஓடவிட்டு, முனையில் காற்றுக் குமிழி இருந்தால் வெளியேற்ற வேண்டும். குமிழி நடுவில் வெளியேறினால் இல்லாத கரைசலை இறங்கியதாக எழுதிவிடுவோம். பெர்மாங்கனேட் கரும் ஊதா நிறம் என்பதால் கரைசல் மட்டத்தின் வளைந்த அடி விளிம்பான கீழ்ப்பிறை தெரியாது, மேல்மட்டத்தைத்தான் படிக்க வேண்டும். தொடக்கமும் முடிவும் ஒரே மட்டத்தில் படித்தால் போதும். இதற்குக் கண்ணாடித் திருகு உள்ள பியூரெட்தான் வேண்டும். ரப்பர் குழாய் மாட்டியது ஆகாது, பெர்மாங்கனேட் ரப்பரை அரிக்கும். வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் விரும்பிக் கேட்கும் கேள்வி இது.

பிப்பெட்டில் 20 மி.லி. எடுத்துக் குடுவையில் விடும்போது கடைசித் துளியை ஊதித் தள்ளக் கூடாது. முனையைக் குடுவையின் உட்சுவரில் தொட்டு எடுத்தால் போதும்; உள்ளே நிற்கும் துளியைக் கழித்துத்தான் பிப்பெட்டில் கோடு போட்டிருக்கிறார்கள். அதனுடன் ஏறக்குறைய அதே அளவு நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்க வேண்டும். வெப்பமானி இல்லையென்றால், குடுவையின் கழுத்தில் ஆவி படியத் தொடங்கி, அடியைக் கையால் பிடிக்க முடியாத சூடு வந்தால் சரி. கொதிக்க விடாதீர்கள், ஆக்ஸாலிக் அமிலம் சிதைந்து அளவு குறையும்.

முதல் சில துளிகளின் நிறம் போக நேரமாகும். இங்கேதான் பிள்ளை பதறி, சோதனை தவறிவிட்டது என்று நினைக்கிறது. வினையில் உண்டாகும் மாங்கனீஸ் அயனியே அந்த வினைக்கு வினையூக்கி. அது கொஞ்சம் சேர்ந்ததும் நிறம் சட்டென்று போகத் தொடங்கும். முடிவுநிலை நெருங்கும்போது துளித்துளியாக விட்டு, குடுவையைச் சுழற்றி, மெல்லிய இளஞ்சிவப்பு அரை நிமிடம் நின்றால் நிறுத்துங்கள். அடர்த்தியான சிவப்பு வந்துவிட்டால் தாண்டிவிட்டீர்கள். பழுப்பு நிறத்தில் கலங்கினால் அமிலம் போதவில்லை அல்லது சூடு ஆறிவிட்டது என்று பொருள். கலங்கலாக நிற்பது மாங்கனீஸ் டை ஆக்சைடு. அந்தக் குடுவையைக் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குவதுதான் வழி, மேலும் அமிலம் ஊற்றிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். இதே கரைசலால் இரும்பு உப்பைத் தரம்பார்க்கும்போது சூடாக்கக் கூடாது, காற்றிலேயே இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைந்துவிடும். எங்கே சூடு, எங்கே சூடில்லை என்ற இந்த ஒன்றைக் குழப்பிக்கொண்டு மதிப்பெண் விடுபவர்கள் அதிகம். கந்தக அமிலத்துக்குப் பதில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஏன் ஆகாது என்றும் கேட்பார்கள். பெர்மாங்கனேட் அதையும் ஆக்சிஜனேற்றம் செய்து குளோரினாக்கிவிடும், அதற்காகவும் கரைசல் செலவாகும்.

ஒத்த அளவீடு இரண்டு வரும்வரை செய்ய வேண்டும். செய்யாமலே மூன்று முறைக்கும் ஒரே எண்ணைச் சும்மா எழுதிவைப்பது புறத்தேர்வாளருக்கு உடனே தெரியும், பியூரெட்டில் எவ்வளவு மீதி இருக்கிறது என்று அவர் ஒரு பார்வை பார்த்தால் போதும்.

இயற்பியலில் நிறமாலைமானிதான் (முப்பட்டகம் ஒளியை எவ்வளவு திருப்புகிறது என்று அளக்கும் கருவி) பிள்ளைகளைச் சோதிக்கும். முப்பட்டகத்தின் கோணமும் சிறும திசைமாற்றக் கோணமும் எடுப்பதற்கு முன், தொலைநோக்கியை ஜன்னல் வழியே தூரத்து மரத்துக்கோ கட்டடத்துக்கோ குவியப்படுத்த வேண்டும்; அதன்பின் அந்தத் திருகைத் தொடக் கூடாது. பிளவின் பிம்பம் மங்கலாக இருந்தால் பிளவிலிருந்து வரும் ஒளியை இணைக்கதிர்களாக்கும் குழாயான இணையாக்கியைத்தான் சரிசெய்ய வேண்டும். அளவு படிப்பதில் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கும். முதன்மை அளவுகோலில் ஒவ்வொரு டிகிரியும் இரண்டாகப் பிரிந்திருக்கும். அதையொட்டி நகரும் சிறிய அளவுகோலான வெர்னியரின் சுழி அரை டிகிரிக் கோட்டைத் தாண்டியிருந்தால் 30 நிமிடம் சேர்க்க வேண்டும். அதை விட்டுவிடுவார்கள். இன்னொன்று, தொலைநோக்கியைத் திருப்பும்போது வெர்னியர் 360-ஐக் கடந்தால் சின்ன எண்ணுடன் 360 கூட்டிக் கழிக்க வேண்டும். கண்ணாடி முப்பட்டகத்தில் கோணம் 60 டிகிரிக்கு அருகிலும் ஒளிவிலகல் எண் 1.5-க்கு அருகிலும் வரும். 1.2 என்றோ 1.9 என்றோ வந்தால் கணக்கில் தேடாதீர்கள், முதலில் இந்த இரண்டு இடங்களையும் பாருங்கள்.

கணிதத்துக்கு ஆய்வகம் கிடையாது, அதன் ஆய்வகம் பிளஸ் ஒன் புத்தகம்தான். 2018 மார்ச்சில் 11-ஆம் வகுப்புக்கும் முதன்முதலாகப் பொதுத்தேர்வு வந்தது. அதற்கு முன் பல பள்ளிகளில் 11-ஆம் வகுப்புப் பாடத்தைத் தாண்டிவிட்டு நேரே 12-க்குப் போனார்கள் என்பதே காரணம். 2025-26 முதல் அந்தத் தேர்வு நீக்கப்பட்டிருக்கிறது. பிள்ளைகளுக்கு ஒரு பெரிய பாரம் இறங்கியதில் எங்களுக்கு மகிழ்ச்சி. ஆனால் 11-இன் வகையிடலும் தொகையிடலும் கைவராமல் 12-இன் வகை நுண்கணிதப் பயன்பாடுகளுக்குள் யாராலும் நுழைய முடியாது. தேர்வு இல்லை என்பதால் இந்த இரண்டு அத்தியாயங்களை விட்டுவிடாதீர்கள். மே விடுமுறையில் ஒரு நாளைக்குப் பத்துக் கணக்கு போட்டாலே ஜூனில் வகுப்பு புரியும்.

கணிதத்தில் எழுத வேண்டியவை ஒரு மதிப்பெண் வினா 20, இரண்டு மதிப்பெண் 7, மூன்று மதிப்பெண் 7, ஐந்து மதிப்பெண் 7. இரண்டு மதிப்பெண்ணில் 30-ஆவது வினாவும் மூன்று மதிப்பெண்ணில் 40-ஆவதும் கட்டாயம். தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருக்கிறது என்று எண்ணி, கட்டாய வினாவை விட்டு வேறு ஏழு எழுதினால் ஒன்று வீணாகிவிடும். இயற்பியலில் 24-உம் 33-உம் அப்படி. தேர்வறையில் வினாத்தாள் படிக்கத் தரும் 10 நிமிடத்தில் முதல் வேலையாக இந்த எண்களைப் பார்க்கப் பழக்குகிறோம்.

ஒரு மதிப்பெண் வினாவில் குறியீடு, விடை இரண்டையும் எழுத வேண்டும். வினாத்தாளிலேயே அப்படித்தான் அச்சிட்டிருக்கும். 'ஆ' என்று மட்டும் எழுதிவைப்பதும், 'ஆ' போட்டுவிட்டு 'இ'-யின் விடையை எழுதுவதும் தெரிந்த விடையைத் தானே இழப்பது. காலாண்டுத் தேர்விலிருந்தே இதற்குக் கண்டிப்பாக மதிப்பெண் கழித்துவிட்டால் மார்ச்சில் நடக்காது.

உயிரியலில் தாவரவியல் 35, விலங்கியல் 35. இரண்டு ஆசிரியர்கள் நடத்துவார்கள். ஒரு பகுதிக்கு ஆசிரியர் இல்லாவிட்டால் பாதிப் பாடம் அநாதையாகிவிடும். சேர்க்கையின்போது தனித்தனியாக விசாரியுங்கள். படம் பென்சிலில், பாகங்கள் வலப்பக்கம் வரிசையாக. அவ்வளவுதான்.

கணக்குப்பதிவியலைப் பற்றி இரண்டு வார்த்தை. காமர்ஸ் குரூப் எளிது என்று வந்தவர்கள் கூட்டாண்மையில் முட்டி நிற்பார்கள். புதிய கூட்டாளி சேரும்போது, பழையவர்கள் விட்டுக்கொடுக்கும் பங்கின் விகிதமான தியாக விகிதம். அது பழைய பங்கிலிருந்து புதிய பங்கைக் கழித்தது. கூட்டாளி விலகும்போது, மற்றவர்களுக்குக் கூடும் பங்கின் விகிதமான ஆதாய விகிதம். புதிய பங்கிலிருந்து பழைய பங்கைக் கழித்தது. இதை மாற்றிப் போட்டால் நற்பெயர்ப் (குட்வில்) பதிவு முழுக்கத் தலைகீழாகும். ஒரு எடுத்துக்காட்டு: இருவர் 3:2 விகிதத்தில் இருக்க, மூன்றாமவர் 1/5 பங்குக்குச் சேர்கிறார். மீதி 4/5, அதை 3:2-இல் பிரித்தால் 12/25, 8/25. புதியவருக்கு 5/25. தியாகம் 15/25-லிருந்து 12/25 போக 3/25, 10/25-லிருந்து 8/25 போக 2/25. விகிதம் அதே 3:2. பழையவர்களின் தங்களுக்குள்ளான விகிதம் மாறாதவரை இப்படியே வரும் என்பதால் பிள்ளைகள் எல்லாக் கணக்கிலும் பழைய விகிதத்தையே எழுதிவிடுகிறார்கள். புதிய விகிதத்தை வினாவிலேயே தனியாகக் கொடுத்திருந்தால் கழித்துப் பார்த்தே ஆக வேண்டும். செய்குறிப்புகளை ஓரத்தில் கிறுக்காமல் விடைக்குக் கீழே தலைப்புப் போட்டு எழுதுங்கள். இறுதி விடை தவறினாலும் படிநிலைக்கு மதிப்பெண் கிடைக்கும்.

பள்ளி வாழ்க்கை வகுப்போடு முடிவதில்லை. காலையில் சிறப்பு வகுப்பு, மாலையில் இன்னொன்று. கிராமத்துப் பிள்ளைகளுக்கு இதில் உள்ள சிக்கல் பேருந்து. மாலை வகுப்பு முடியும் நேரத்துக்கும் ஊர்ப் பேருந்துக்கும் கால் மணி இடைவெளி விடாமல் நேர அட்டவணை போட்டால், மூன்றாவது வாரம் முதல் பாதி வகுப்பு காலி. அதிலும் பெண் பிள்ளைகளை வீட்டில் நிறுத்திவிடுவார்கள். பேருந்து நேரத்தைக் கேட்டு எழுதிவைத்துக்கொண்டு அட்டவணை போடும் வகுப்பாசிரியரின் வகுப்பில் வருகை குறைவதில்லை.

சாப்பாடு இன்னொன்று. சத்துணவு 10-ஆம் வகுப்போடு முடிகிறது. அதுவரை மதியம் பள்ளியில் சாப்பிட்ட பிள்ளை பிளஸ் ஒன்னில் டிபன் பாக்ஸ் கொண்டுவர வேண்டும். விடியற்காலையில் அம்மா வேலைக்குப் போகும் வீடுகளில் அது நடக்காது. காலையும் மதியமும் சாப்பிடாமல் ஆறாவது பீரியடில் மேசையில் தலைசாய்க்கும் பையனைச் சோம்பேறி என்று திட்டுவதற்கு முன், சாப்பிட்டாயா என்று கேளுங்கள். கேட்டால் சொல்வார்கள், தனியாகக் கூப்பிட்டுக் கேட்டால்.

பையன்கள் பலர் வார இறுதியில் கேட்டரிங், பெயின்டிங் வேலைக்குப் போகிறார்கள், தீபாவளிக்கு முன் ஜவுளிக் கடைக்கும் போகிறார்கள். போகாதே என்று சொல்லிப் பயனில்லை, அந்தப் பணம் வீட்டுக்குத் தேவைப்படுகிறது. செய்முறை நாளில் மட்டும் போகாதே என்று சொன்னால் கேட்கிறார்கள். ஆய்வக நாளை மாதத் தொடக்கத்திலேயே கரும்பலகையின் மூலையில் எழுதிவைப்பதும் அதற்குத்தான்.

நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாம், கலைத் திருவிழா, குறுவட்ட விளையாட்டுப் போட்டி எல்லாவற்றிலும் கலந்துகொள்ள விடுங்கள். சான்றிதழை அன்றே வாங்கி நகலெடுத்து வையுங்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்கும்போது படிவத்தில் கையெழுத்து விடுபட்டிருப்பது தெரிந்து அலைபவர்கள் பலர்.

பிளஸ் டூ பெயர்ப் பட்டியல் தயாராகும்போது வகுப்பாசிரியர் ஒவ்வொரு பிள்ளையையும் அழைத்துக் கையெழுத்து வாங்குவார். அந்த ஐந்து நிமிடத்தில் பார்க்க வேண்டியவை: தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயரின் எழுத்து, முன்னெழுத்து, பிறந்த தேதி, பாடக் குறியீடு, பயிற்று மொழி, கைபேசி எண். பத்தாம் வகுப்புச் சான்றிதழைப் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். பயிற்று மொழி தவறாக ஏறினால் பின்னால் தமிழ்வழிச் சான்று வாங்கும்போது இடிக்கும். கைபேசி எண் ரீசார்ஜ் செய்யாமல் அடிக்கடி மாறும் எண்ணாக இருந்தால் முடிவும் கலந்தாய்வுத் தகவலும் வராது. வீட்டில் நிலையாக இருக்கும் ஒருவரின் எண்ணைக் கொடுங்கள். வருமானச் சான்று, சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று நான்கையும் அரையாண்டு விடுமுறையில் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிட்டால் மே மாத நெரிசலில் நிற்க வேண்டியதில்லை. 6 முதல் 12 வரை வெவ்வேறு அரசுப் பள்ளிகளில் படித்திருந்தால் ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் படித்ததற்கான சான்று தேவைப்படும். பழைய பள்ளி அடுத்த ஊரில் இருந்தால் அதையும் டிசம்பரிலேயே முடியுங்கள்.

முடிவு வந்ததும் எதிர்பார்த்ததைவிட மதிப்பெண் மிகக் குறைவாக இருந்தால் உடனே மறுமதிப்பீடு கேட்க முடியாது. முதலில் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்குத் தரும் அவகாசம் சில நாட்கள்தான். நகல் கையில் வந்ததும் அதை எடுத்துக்கொண்டு பாட ஆசிரியரிடம் வாருங்கள், விடுமுறையாக இருந்தாலும் பரவாயில்லை. கூட்டலில் பிழையா, ஏதாவது விடை திருத்தப்படாமல் விடுபட்டதா, விடையே தவறா என்று பக்கம் பக்கமாகப் பார்த்துச் சொல்வோம். தேர்ச்சி பெறாதவர்கள் நகலுக்காகக் காத்திருக்க வேண்டாம், துணைத் தேர்வுக்கு அதே வாரம் பணம் கட்டிவிடுங்கள். அதில் தேறினால் அந்த வருடமே கல்லூரியில் சேர முடியும்.